அடைமழை நாளில் வீட்டுக்குள் பிள்ளைகள்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் முறை

காலையிலிருந்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. விடுமுறை நாள். வீட்டில் ஒன்பது வயதில் ஒருத்தி, நாலரை வயதில் ஒருவன். முதல் அரை மணி நேரம் ஜன்னலோரம் நின்று மழையைப் பார்த்தார்கள். பிறகு ஆரம்பித்தது: “அப்பா, போர் அடிக்குது.”

இந்த வார்த்தையைக் கேட்டதும் பொம்மைப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்ப்பதுதான் பல வருஷமாக நான் செய்த வேலை. பெட்டி காலியாகும், கூடம் நிறையும், பத்தாவது நிமிடம் மறுபடி அதே பாட்டு. ‘போர்’ என்பது நோயின் பெயர் அல்ல, காய்ச்சல் மாதிரி வெறும் அறிகுறி என்று பிடிபட நாளாயிற்று. ஓடத் துடிக்கிற பிள்ளையிடம் கலர் பென்சிலைக் கொடுப்பதும், நம் மடிக்கு ஏங்குகிற பிள்ளைக்குப் புதுப் பொம்மை தேடுவதும் கால்வலிக்குக் கண்ணில் மருந்து விடுகிற கதைதான். அதனால் இப்போதெல்லாம் முதலில் அறிகுறியைப் பார்க்கிறேன், மருந்து பிறகு.

எந்தப் பகுதிக்குப் போவதற்கு முன்னும் நான்கைப் பார்த்துவிடுங்கள்: பசியா, தூக்கமா, சட்டை ஈரமா, பாத்ரூம் போக வேண்டுமா? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நாலு வயசுப் பிள்ளை விளையாட்டு மும்முரத்தில் அடக்கிக்கொண்டே காலைப் பின்னிக்கொண்டு நிற்கும், கேட்டால் “இல்லையே” என்னும். எங்கள் வீட்டில் பாதிக் கலவரம் இந்த நான்கோடு அடங்கிவிடும்.

அறிகுறி: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை “போர் அடிக்குது”

தரையைப் பாருங்கள். நடக்க இடமில்லாமல் சாமான் இறைந்து கிடக்கிறதா? அப்படியானால் புதிதாக எதையும் எடுக்காதீர்கள், இருப்பதைக் குறையுங்கள். அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடை பழகுகிற வயதுக் குழந்தைகள் 36 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து 2018-ல் வெளியிட்டார்கள். அறையில் 16 பொம்மைகள் இருந்தபோது பிள்ளைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவினார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் அதிக நேரம், விதவிதமாக விளையாடினார்கள். நான் ஒரு பெரிய போர்வையை விரித்து எல்லாவற்றையும் அதில் வாரி மூட்டையாகக் கட்டிக் கண்மறைவாக வைத்துவிடுவேன். நாலைந்து மட்டும் வெளியே. மத்தியானம் மூட்டையிலிருந்து வேறு நாலு வெளியே வரும்போது அவை புதுசு மாதிரி.

தரை சுத்தமாக இருந்தும் புலம்பல் நிற்கவில்லையென்றால் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நீங்கள் சமையலறைக்குப் போனால் அங்கே, மேஜைக்கு வந்தால் இங்கே என்று பின்னாலேயே வருகிறதா? அதற்கு வேண்டியது விளையாட்டுச் சாமான் அல்ல, நீங்கள். போனைத் தூர வைத்துவிட்டு 15 நிமிடம் தரையில் உட்காருங்கள். என்ன ஆடுவது என்பது பிள்ளையின் முடிவு. ‘இரு, இரு’ என்று ஒரு மணி நேரம் இழுத்தடிப்பதைவிட இந்தக் கால்மணி நேரம் மலிவு. வயிறு நிறைந்த பிள்ளை தானாக எழுந்து போகிற மாதிரி, நம் கவனம் நிறைந்ததும் போய்விடும்.

இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் செய்யாதீர்கள். கொஞ்ச நேரம் சும்மா சுற்றித் திரிந்த பிறகுதான் பிள்ளைக்குச் சொந்த யோசனை வரும். நாம் அவசரப்பட்டு விடை சொல்லிவிட்டால் அது வராமலே போகும். ஒரு முறை யோசனைச் சீட்டுகளை எழுதி ஒரு ஜாடியில் போட்டு வைத்தேன். பெரியவள் எடுத்த முதல் சீட்டில் ‘புத்தக அலமாரியை அடுக்கு’ என்று இருந்தது. ஜாடியை அன்றோடு யாரும் தொடவில்லை. பிற்பாடு அவர்களே எழுதிப் போட்ட ஜாடிதான் பிழைத்தது.

அறிகுறி: சோபாவிலிருந்து குதிக்கிறார்கள், வீடு ரெண்டுபடுகிறது

இது குறும்பு அல்ல, கணக்கு. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 180 நிமிட உடலசைவு வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்குகிற மாதிரி இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஐந்து வயதுக்கு மேல் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் அப்படிப்பட்ட உழைப்பு வேண்டும். வெளியே போக முடியாத நாளில் இந்தக் கடன் வேறு எங்கே தீரும்? சோபாவில்தான். ‘உட்காரு’ என்று அதட்டினால் கடன் வட்டியோடு வளரும்.

குதிக்க வேண்டாம் என்பதற்குப் பதிலாகக் குதிக்க இடம் காட்டுங்கள். மெத்தையைத் தரையில் இறக்கி, சுவரிலிருந்தும் மேஜை முனையிலிருந்தும் தள்ளிப் போடுங்கள். பேப்பர் டேப் இருந்தால் தரையில் கோடுகள் ஒட்டுங்கள். ஒன்று தாண்டுவதற்கு, ஒன்று கயிற்றில் நடப்பது போல நடப்பதற்கு, ஒரு வட்டம் ஒற்றைக்காலில் நிற்பதற்கு. சுவரில் ஒட்டுவதானால் முதலில் ஒரு மூலையில் ஒட்டிப் பாருங்கள், ஈரம் ஏறிய சுவரில் பெயின்ட்டோடு சேர்ந்து பெயர்ந்து வரும்.

என் அனுபவத்தில் ஓடுவதைவிட நன்றாக வேலை செய்வது பாரம் தள்ளுவதும் இழுப்பதும். துணிக்கூடையில் பாதிவரை புத்தகத்தைப் போட்டு ‘லாரி’ என்று தள்ளச் சொல்லுங்கள். போர்வையில் சின்னவனை உட்கார வைத்துப் பெரியவள் இழுக்கட்டும். இரண்டு கையாலும் சுவரை நகர்த்த முடிகிறதா என்று சவால் விடுங்கள். சுவர் நகராது, பிள்ளை அடங்கும்.

இதைச் செய்தும் இன்னும் வெறி பிடித்த மாதிரி ஓடுகிறார்களா? ஆட்டத்தை உச்சத்தில் சட்டென்று நிறுத்தியிருப்பீர்கள். வேகத்தைப் படிப்படியாக இறக்க வேண்டும். நாங்கள் மிருக நடையில் இறக்குவோம். முதலில் தவளை, அப்புறம் நாலு காலில் கரடி, அப்புறம் ஆமை, கடைசியில் நத்தைப் பந்தயம். நத்தைப் பந்தயத்தில் கடைசியாக வருபவருக்குத்தான் வெற்றி, ஆனால் நிற்கக் கூடாது. கூடத்தைக் கடக்க ஏழு நிமிடம் எடுத்துக்கொண்டதுதான் எங்கள் வீட்டுச் சாதனை. அந்த ஏழு நிமிடமும் வீடு நிசப்தம்.

அறிகுறி: “அவதான் மொதல்ல எடுத்தா!” ஓயாத சண்டை

யார் முதலில் எடுத்தார்கள் என்று விசாரிக்கப் போகாதீர்கள், நீதிமன்றம் சாயங்காலம் வரை நடக்கும். காரணம் பெரும்பாலும் பொருள் அல்ல, இடம். ஒரே தரையில் இரண்டு வயதுக்காரர்கள் இருந்தால் பெரியவள் கட்டியதைச் சின்னவன் உதைப்பது இயற்கை.

தீர்வு, நாட்டைப் பிரிப்பது. மேஜைக்கு மேலே அக்கா ராஜ்ஜியம், மேஜைக்கு அடியில் போர்வை தொங்கவிட்டுத் தம்பி ராஜ்ஜியம். சிறு சிறு துண்டுகள் உள்ளதெல்லாம் மேலே இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், டாய்லெட் பேப்பர் சுருளின் உள்ளட்டைக்குள் நுழைகிற எந்தப் பொருளும் அதன் தொண்டையிலும் சிக்கலாம் என்று எண்ணிக்கொள்ளுங்கள். பொத்தான் பேட்டரியும் வெடித்த பலூன் துண்டும் இன்னும் மோசம். பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தால்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அரை மணி நேரம் பிரித்து வைத்த பிறகு சேர்த்து ஆட வைக்கும்போது ஒருவரை ஒருவர் ஜெயிக்கிற ஆட்டம் வேண்டாம், இருவரும் சேர்ந்து கடிகாரத்தை ஜெயிக்கிற ஆட்டம் கொடுங்கள். புதையல் வேட்டை நன்றாக வரும். பெரியவள் குறிப்பு எழுதுவாள், சின்னவன் ஒளித்து வைப்பான், தேடுவது நான். ஒளித்து வைத்த இடத்தைச் சின்னவனே மறந்துவிட்ட நாளும் உண்டு. அன்று மூன்று பேரும் தேடினோம், இன்னும் அரை மணி நேரம் ஓடிற்று.

அறிகுறி: எதைத் தொடங்கினாலும் ஐந்தே நிமிடத்தில் விட்டுவிடுகிறார்கள்

மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று, வேலை கடினம். இரண்டு, நீங்கள் கையிலிருந்து பிடுங்கி ‘இப்படி வெட்டணும்’ என்று செய்து காட்டிவிட்டீர்கள். மூன்று, அது விடவே இல்லை, இடைவேளை விட்டிருக்கிறது. மூன்றாவதுதான் அதிகம். பாதியில் கிடப்பதை எடுத்து அடுக்கிவிடாதீர்கள். ஒரு மூலையை ‘மழை முடியும்வரை யாரும் எடுக்கக் கூடாது’ என்று ஒதுக்குங்கள். காலையில் கைவிட்ட அட்டைப்பெட்டி வீட்டுக்கு மத்தியானம் ஜன்னல் முளைக்கும்.

அறிகுறி: கைவேலை எதுவும் சரியாக வரவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே தப்பு பிள்ளை மேலும் இல்லை, உங்கள் மேலும் இல்லை, காற்றின் மேல். மழை நாளுக்கென்று சொல்லப்படும் கைவேலைகளில் பாதி மழை நாளில் வேலை செய்யாது.

*உப்பு மாவுப் பொம்மை காயவில்லை.* இரண்டு கப் மைதா, ஒரு கப் பொடி உப்பு, ஒரு கப் தண்ணீர் என்று பிசைந்தால் நல்ல களிமண் மாதிரி வரும். செய்யும்வரை ஆனந்தம், மறுநாள் பார்த்தால் பொம்மைக்கு வியர்த்திருக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். அடைமழையில் காற்று அதைச் சுலபமாகத் தாண்டும். ஓவன் அடுப்பு இருந்தால் 100 டிகிரி செல்சியஸ் அளவில் சில மணி நேரம் வைத்து உலர்த்தலாம். இல்லையென்றால் காய வைக்கிற எண்ணத்தையே விட்டுவிட்டு, விளையாடி முடித்ததும் மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். வாயில் போட விடாதீர்கள், உப்பு அதிகம், பச்சை மாவும் நல்லதல்ல.

*தேய்த்த பலூன் சுவரில் ஒட்டவில்லை.* ஒட்டாது. ஈரக் காற்றில் பொருள்களின் மேல் மெல்லிய நீர்ப்படலம் படியும், தேய்த்து உண்டாக்கிய மின்னேற்றம் அதன் வழியாக வடிந்துவிடும். பலூனைத் தரையில் விழாமல் தட்டிக்கொண்டே இருக்கிற ஆட்டத்துக்கு மாறுங்கள்.

*நூல் டெலிபோனில் ஒன்றும் கேட்கவில்லை.* இதற்கும் மழைக்கும் பெரிதாகச் சம்பந்தமில்லை, இருந்தாலும் எல்லோரும் சறுக்குகிற இடம். நூல் விறைப்பாக இருக்கிறதா? கதவு முனையிலோ சுவரிலோ உரசுகிறதா? யாராவது நடுவில் விரலால் பிடித்திருக்கிறார்களா? அதிர்வு எங்கே தொடுகிறதோ அங்கேயே செத்துவிடும். விளையாடி முடிந்ததும் நூலைச் சுருட்டி எடுத்து வையுங்கள், கழுத்தில் மாட்டிக்கொள்ளும்.

*பெயின்ட் காயாமல் வழிகிறது.* வழியட்டும். தாளை முதலிலேயே நனைத்து அதன் மேல் நீர்வண்ணத்தைச் சொட்டவிட்டால் நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்று பரவுகிற அழகே தனி. அதன் மேல் கல்லுப்பைத் தூவினால் நட்சத்திரம் நட்சத்திரமாக வரும்.

ஆனால் மழை நாளில்தான் சிறப்பாக வருவதும் ஒன்று உண்டு: சோப்புக் குமிழி. குமிழி வெடிக்க ஒரு முக்கியக் காரணம் அதன் தோலிலிருந்து தண்ணீர் ஆவியாவது. ஈரக் காற்றில் அது மெதுவாகத்தான் நடக்கும், குமிழியும் கூடுதல் நேரம் நிற்கும். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் ஆறு பங்கு, கொஞ்சம் சர்க்கரை. கூடத்தில் வேண்டாம், டைல்ஸ் வழுக்கும், குளியலறையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இடி இடித்தால் மட்டும் குழாய்ப் பக்கமே போகாமல் தள்ளிப் போடுங்கள்.

கார்ன்ஃப்ளார் மாவு இரண்டு பங்கும் தண்ணீர் ஒரு பங்கும் கலந்து கொடுத்தால் இன்னொரு அதிசயம். குத்தினால் கல், விட்டால் கஞ்சி. ஒரு மணி நேரத்துக்கு உத்தரவாதம். முடிந்ததும் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், குழாயில் படிந்து அடைக்கும், குப்பையில்தான் போட வேண்டும்.

அறிகுறி: “இதெல்லாம் குட்டிப் பசங்க ஆட்டம்”

ஒன்பது, பத்து வயதுக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். இவர்களுக்குத் தேவை பெரியவர்களே தோற்கக்கூடிய ஏதாவது ஒன்று.

ஒரு தாளைப் பாதி பாதியாக எட்டு முறை மடிக்கச் சொல்லுங்கள். ஏழாவதிலேயே 128 அடுக்கு சேர்ந்துவிடும், சாதாரணத் தாள் அதற்கு மேல் மசியாது. மடிக்கவே முடியாது என்று தீர்ப்புச் சொல்லிவிட வேண்டாம். 2002-ல் பிரிட்னி கேலிவன் என்ற அமெரிக்கப் பள்ளி மாணவி சுமார் 1.2 கிலோமீட்டர் நீள டாய்லெட் பேப்பரை 12 முறை மடித்துக் காட்டினார். இதைச் சொன்ன அன்று எங்கள் வீட்டில் ஒரு முழுச் சுருள் காலி.

இன்னொன்று 1967-ல் கேம்பிரிட்ஜில் ஜான் கான்வேயும் மைக்கேல் பேட்டர்சனும் கண்டுபிடித்த ‘ஸ்ப்ரவுட்ஸ்’, நாங்கள் முளை ஆட்டம் என்கிறோம். தாளில் மூன்று புள்ளி வையுங்கள். ஒருவர் மாற்றி ஒருவர் இரண்டு புள்ளிகளை ஒரு கோட்டால் சேர்த்து (புறப்பட்ட புள்ளிக்கே திரும்பியும் வரலாம்), கோட்டின் மேல் எங்காவது புதுப் புள்ளி ஒன்று வைக்க வேண்டும். கோடுகள் குறுக்கிடக் கூடாது. ஒரு புள்ளியில் மூன்று கோட்டுக்கு மேல் சேரக் கூடாது. வழியில்லாமல் நிற்பவர் தோற்றார். மூன்று புள்ளியில் தொடங்கினால் எட்டு நகர்வுக்குள் கட்டாயம் முடிந்துவிடும், ஆகவே ‘இன்னும் ஒரே ஒரு ஆட்டம்’ என்பதற்கு நீங்களும் தாராளமாகச் சம்மதிக்கலாம்.

சாமான் எதுவும் வேண்டாமென்றால் சொல் சங்கிலி. முன்னவர் சொன்ன சொல் முடிகிற எழுத்தின் வரிசையில் அடுத்தவர் தொடங்க வேண்டும்: பட்டம், மாடு, டமாரம், மேகம். இந்த ஆட்டம் அடிக்கடி முட்டிக்கொண்டு நிற்பதற்குக் காரணம், தமிழில் ண, ள, ழ, ற, ன ஆகிய ஐந்தில் சொல் தொடங்காது. விதியை மாற்றாதீர்கள், அதையே பொறியாக்குங்கள். அந்த எழுத்துகளில் முடிகிற சொல்லைச் சொல்லி எதிராளியை மாட்ட வைப்பவருக்கு ஒரு புள்ளி. ‘மேகம்’ என்று நான் சொல்லி வாயை மூடுவதற்குள் பெரியவள் ‘மழை’ என்றாள். ‘ழை’யில் தொடங்க எனக்கு எந்தச் சொல் இருக்கிறது?

அறிகுறி: திரையை விட்டு எழ மாட்டேன் என்கிறார்கள்

மழை நாளில் திரையை அறவே தடுப்பேன் என்று சொல்பவர்கள்மீது எனக்கு மரியாதை உண்டு, நம்பிக்கை இல்லை. இரண்டிலிருந்து நான்கு வயதுவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், இரண்டு வயதுக்குக் கீழே வேண்டவே வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. அந்த ஒரு மணி நேரத்தைக் காலையிலேயே செலவழித்துவிடுவதுதான் தப்பு. உங்களுக்கு அத்தியாவசியமான வேளைக்கு ஒதுக்கி வையுங்கள். நிறுத்தும்போது கடிகாரத்தைக் காட்டாதீர்கள், கதையின் நடுவில் அணைத்தால் பெரியவர்களுக்கே கோபம் வரும். ‘இந்தப் பகுதி முடிந்ததும்’ என்று முன்கூட்டியே பேசுங்கள். அணைத்ததும் போய்ச் சேர ஓர் இடம் தயாராக இருக்கட்டும், கூடாரமோ குமிழியோ.

அறிகுறி: இடி இடித்தால் கட்டிக்கொண்டு அழுகிறான்

‘ஒண்ணுமில்லடா’ என்றால் நம்ப மாட்டான், ஏதோ ஒன்று வெடித்தது அவனுக்கும் கேட்டதே. கையில் ஒரு வேலை கொடுங்கள். மின்னல் கண்ணில் பட்டதும் எண்ண ஆரம்பிக்க வேண்டும், இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும், ஆகவே மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். எண்ணிக்கை ஒவ்வொரு முறையும் கூடினால் இடி நம்மை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது. அதை அவனே கண்டுபிடிக்கும்போது முகத்தைப் பாருங்கள். ஆனால் எண்ணிக்கை 30-க்குள் இருந்தால் மின்னல் எட்டக்கூடிய தூரம், வெளியே கால் வைக்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் கதவைத் திறக்கலாம்.

பயம் தெளிந்ததும் ஒரு மழைத்துளி வரையச் சொல்லுங்கள். மேலே கூராக, கீழே உருண்டையாகத்தான் வரைவான், நாமும் அப்படித்தான். உண்மையில் சின்னத் துளி உருண்டை, பெரிய துளி அடியில் தட்டையாகித் தொப்பி மாதிரி விழும்.

அறிகுறி: கரண்ட் போய்விட்டது

இது பிழையே அல்ல, பரிசு. டார்ச்சை எடுங்கள், சுவரில் கைநிழல் காட்டுங்கள். நிழல் மங்கலாகத் தெரிந்தால் கையைச் சுவர்ப் பக்கம் கொண்டுபோக வேண்டும், பூதமாகப் பெருக வேண்டுமென்றால் விளக்குப் பக்கம். போர்வைக் கூடாரத்துக்குள் மெழுகுவத்தி மட்டும் வேண்டாம்.

அறிகுறி: உங்களுக்கு வேலை தலைக்கு மேல் இருக்கிறது

முதலில் மேலே சொன்ன கால்மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு அப்புறம் மேஜைக்குப் போங்கள். முன்கடனாக அதைத் தீர்க்காமல் போனால் கதவு தட்டுகிற சத்தத்தில்தான் வேலை நடக்கும். நேராக நிற்கிற கண்ணாடிக் குவளை ஒன்றில் ஸ்கேல் ஒட்டி, திறந்தவெளியில் மழை விழும்படி வைத்து, அரை மணிக்கு ஒருமுறை அளவெடுத்து எழுதுகிற பொறுப்பைப் பெரியவளிடம் விட்டேன். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஒரு சதுர மீட்டரில் ஒரு லிட்டர் என்று சொன்னதும், கூரையில் எத்தனை லிட்டர் விழுந்திருக்கும் என்று கணக்குப் போடப் போனவள் வெகுநேரம் வரவில்லை.

அறிகுறி: மழை விட்டுவிட்டது, கூடாரத்தை விட்டு வெளியே வர மறுக்கிறார்கள்

கதவைத் திறந்து வையுங்கள், வாசனை உள்ளே வரும். மண்வாசனை என்று நாம் எப்போதோ பெயர் வைத்துவிட்டோம். ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இருவர் 1964-ல்தான் அதற்கு ‘பெட்ரிகோர்’ என்று பெயரிட்டார்கள். அதை நான் விளக்கிக்கொண்டிருந்தபோது போர்வைக்குள்ளிருந்து சின்னவன் தலையை மட்டும் நீட்டி, “அப்பா, கதவைச் சாத்து. நாங்க இன்னும் மழையிலதான் இருக்கோம்” என்றான்.